பட்டன் இங்கே, ஆட்டம் எங்கே?

அந்த லேப்டாப் அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்தது. ராம் 4 ஜி.பி.தான். பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அவள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு மதுரை வீட்டுப் பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்தோம். பிரவுசரைத் திறந்து, ஒரு கிளவுட் கேமிங் சேவையின் முகவரியைத் தட்டி, யு.எஸ்.பி. ஒயரில் கன்ட்ரோலரைச் செருகினோம். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் மெக்ஸிகோவின் எரிமலைச் சரிவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் பாய்ந்து இறங்கியது.

அது ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’. சொந்தக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டுமென்றால் 110 ஜி.பி. இடமும் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். இந்த லேப்டாப்பில் கார்டும் இல்லை, அவ்வளவு இடமும் காலியில்லை. ஆனாலும் சேற்றில் சக்கரம் வழுக்குவது தெரிகிறது, பக்கத்துக் காரின் கதவில் வெயில் மின்னுவது தெரிகிறது. பத்தாவது பரீட்சை எழுதி முடித்த அக்கா மகன் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலே கேட்டான்: “டவுன்லோடே ஆகல, எப்படி மாமா ஓடுது?”

ஓடுவது இங்கே இல்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு டேட்டா சென்டரில், வரிசை வரிசையாக அடுக்கிய சர்வர்களில் ஒன்று நமக்காக அந்த கேமை ஓட்டுகிறது. திரையில் வர வேண்டிய ஒவ்வொரு படத்தையும் அங்கேயே வரைந்து, சுருக்கி, வீடியோவாக அனுப்புகிறது. நாம் அனுப்புவது இந்த பட்டனை அழுத்தினேன் என்ற செய்தி மட்டும். வந்த வீடியோவைக் காட்டுவதோடு லேப்டாப்பின் வேலை முடிந்தது. அதனால்தான் பழைய மிஷினும், நடுத்தர விலை போனும், ஸ்மார்ட் டி.வி.யும் இதற்குப் போதும். மே மாத மதுரை வெயிலில் விசிறி அலறாமல், மடி சுடாமல் ஒரு பெரிய கேம் ஓடுவது தனிச் சுகம்.

கோடை விடுமுறை முழுக்க இதை வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஹாலில், உள் அறையில், மாடியில், காலையில், ராத்திரி தெருவே நெட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில். நன்றாக ஓடியபோதும் சரி, சொதப்பியபோதும் சரி, காரணத்தைத் தேடிப் போனால் அது தூரத்தில் போய் நின்றது. சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதில் தொடங்கி, மோடம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பது வரைக்கும். அதைப் புரிந்துகொண்டு சந்தா கட்டும் வீட்டுக்கு இது அருமையான வசதி. புரியாமல் கட்டினால் முதல் வாரத்திலேயே வெறுத்துப்போகும்.

16.7 மில்லி செகண்ட்

பி.ஜி.எம்.ஐ. விளையாடும் எந்தப் பையனைக் கேட்டாலும் ‘பிங்’ என்றால் என்னவென்று சொல்வான். நம் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். போன் கேமில் பிங் எகிறினால் எதிரி விட்டு விட்டு நகர்வான். ஆனால் நம் ஆள் நாம் சொன்ன பக்கம் உடனே திரும்பிவிடுவான், ஏனென்றால் அவன் நம் போனிலேயே இருக்கிறான். கிளவுட் கேமிங்கில் நம் ஆளும் அங்கேதான் இருக்கிறான். இடது பக்கம் திரும்பு என்று விரல் சொன்ன பிறகு, அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து, சர்வர் கணக்குப் போட்டு, புதுப் படம் வரைந்து, அது சுருங்கித் திரும்பி வந்து, நம் திரையில் விரிந்தால்தான் அவன் திரும்புவதையே நாம் பார்க்க முடியும்.

விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி செகண்ட். மதுரையிலிருந்து மும்பையில் உள்ள ஒரு சர்வருக்குக் கேபிள் வழியாக 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போய்வர 15 மில்லி செகண்ட். கிட்டத்தட்ட ஒரு படத்தின் நேரம் ஒளியின் பயணத்துக்கே செலவாகிவிட்டது. அதே சர்வர் சிங்கப்பூரில் இருந்தால்? 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அந்தக் கடலைத் தாண்டிப் போய்வர மட்டும் 32 மில்லி செகண்ட். எந்தக் கம்பெனி எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் இந்தக் கணக்கு குறையாது. வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் இதற்கு மேல்தான் கூட்டும்.

என்விடியா தன் ‘ஜிஃபோர்ஸ் நவ்’ சேவைக்கு பிங் 80 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும், 40-க்குள் இருந்தால் நல்லது என்கிறது. வேகத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறது: 720 பி படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ்., 1080 பி படத்துக்கு 25. நம் நகரங்களில் 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் சாதாரணமாகிவிட்டதால் வேகம் பெரிய தடையாக இல்லை. பிராட்பேண்ட் விளம்பரங்கள் வேகத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன; பிங்கைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் லேன் கேபிளைச் செருகினால் அது 30-ஐ ஒட்டி நின்றது. அந்த நிலையில் கார் ஓட்டும்போது, கேம் வேறு ஊரில் ஓடுகிறது என்பதே அக்கா மகனுக்கு மறந்துபோனது.

“நான் போன்ல படம் பாக்குறேன், நிக்காம ஓடுது. இவன் கேம் மட்டும் ஏன்டா திக்குது?” என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். சரியான கேள்வி. ஓ.டி.டி.யில் படம் ஓடும்போது அடுத்து வரப்போகும் காட்சிகள் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். மாடியில் நிரப்பி வைத்த டேங்க் மாதிரி. தெருவில் தண்ணீர் நின்றாலும் வீட்டுக் குழாயில் கொஞ்ச நேரம் வரும். கேமில் அடுத்த காட்சி எதுவென்று நம் விரல் அழுத்தும்வரை யாருக்கும் தெரியாது. முன்கூட்டி நிரப்பி வைக்க வழியே கிடையாது. அதனால் பிங் சராசரியாகக் குறைந்திருப்பது போதாது, ஏறி இறங்காமல் ஒரே மாதிரி நிற்கவும் வேண்டும். நிலையாக 50-ல் நிற்கும் இணைப்பில், 20-க்கும் 120-க்கும் தாவும் இணைப்பைவிட நன்றாக விளையாடலாம். முன்னதற்கு விரல் பழகிக்கொள்கிறது. பின்னதற்குப் பழகவே முடியாது.

வாசல் ஓரத்து மோடம்

வீட்டுக்கு ஃபைபர் இழுக்க வந்த தம்பி, கேபிள் உள்ளே நுழைகிற ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, வாசல் ஓரம் ஆணி அடித்து மோடத்தை மாட்டிவிட்டுப் போயிருந்தார். நம் ஊரில் பல வீடுகளில் மோடம் தொங்குவது அப்படித்தான். அங்கிருந்து உள் அறைக்கு வை-ஃபை வர இரண்டு செங்கல் சுவரையும் ஓர் இரும்பு பீரோவையும் தாண்ட வேண்டும். யூடியூப் பார்க்க அது போதும். கேமுக்குப் போதவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஓட்டினால் நேர் ரோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். வளைவில் காரைத் திருப்பிய நொடியில் சாலையோரச் செடிகள் கட்டம் கட்டமாக உடையும். சத்தம் மட்டும் நிற்காமல் வரும். படம் தெளியும்போது கார் வேலியைப் பிய்த்துக்கொண்டு வயலுக்குள் நிற்கும். அக்கா மகன் பிரேக்கைச் சரியான நேரத்தில்தான் அழுத்தினான். அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் வளைவு முடிந்துவிட்டது.

மோடத்தில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைத்துக்கொண்டு தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று எல்லோருடைய மோடம்களும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்காரர்கள்தான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. மோடம் இருக்கும் அறையிலேயே விளையாடினால் 5-ஐத்தான் பிடிக்க வேண்டும். பல மோடம்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் எதில் சேர்ந்திருக்கிறோம் என்பதே தெரியாது. செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த பிறகு பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதியைத் தீர்த்தது டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய லேன் கேபிள். கேட்-6 ரகம். கதவு நிலையை ஒட்டி, காலில் இடறாமல் கிளிப் அடித்து உள் அறை வரைக்கும் கொண்டுபோனோம். கிளவுட் கேமிங்குக்கென்று யாராவது ஒரே ஒரு பொருள் வாங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். விலை உயர்ந்த கன்ட்ரோலர், கேமிங் ஹெட்செட் எல்லாம் அப்புறம்.

ஆனால் கேபிள் போட்ட பிறகும் ஒரு ராத்திரி பிங் 30-லிருந்து 200-க்கு மேல் எகிறிப் போய் அங்கேயே நின்றது. டி.வி.யை அணைத்துப் பார்த்தோம், மோடத்தை அணைத்துப் போட்டோம், சரியாகவில்லை. காரணம் அக்காவின் போன். உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம், போன் வீட்டு வை-ஃபையில் சேர்ந்ததும், ஆன்லைன் பேக்கப்புக்கு வரிசையாக ஏற ஆரம்பித்திருந்தன. எல்லோரும் இறங்கும் வேகத்தை மட்டும்தான் பார்க்கிறோம். நம் பட்டன் செய்தி போவதோ ஏறும் பாதையில். அந்தச் செய்தி மிகச் சின்னது, சில பைட்டுகள்தான். ஆனால் முன்னால் நிற்கும் கல்யாண வீடியோ நகர்ந்தால்தான் அதற்கு வழி கிடைக்கும். பேக்கப்பை நிறுத்தி வைத்ததும் எண் மளமளவென்று 30-க்கு இறங்கியது. வீட்டில் நாலு போன் இருந்தால் நாலிலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

லேப்டாப்பை விட்டுவிட்டு டி.வி.க்கு மாறியபோது புதிதாக ஒரு தாமதம் சேர்ந்தது. இதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமில்லை. இன்றைய டி.வி.க்கள் வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. நிறத்தை ஏற்றி, அசைவை வழுவழுப்பாக்கி, அப்புறம்தான் காட்டுகின்றன. சினிமாவுக்கு அதனால் குறையொன்றும் இல்லை. கேமில் அந்த ஒப்பனைக்கே பல படங்களின் நேரம் போய்விடுகிறது. ‘டூம்’ கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் 2012-லேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: பக்கத்தில் இருக்கும் திரைக்கு ஒரு புள்ளியை அனுப்ப ஆகும் நேரத்துக்குள், அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கே ஒரு டேட்டா பாக்கெட்டை அனுப்பிவிடலாம் என்று. பெரும்பாலான டி.வி. மெனுவில் ‘கேம் மோடு’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டதும் நிறம் கொஞ்சம் வெளுத்தது, கார் கைக்குள் வந்தது.

கரண்ட் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறும் அந்த ஒரு நொடியில் மோடம் அணைந்துவிட்டால், அது மறுபடி உயிர் பெற்று இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கைக்கடக்கமானது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பலர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். கேமுக்கும் அதுவே போதும்.

படத்தின் தரம் எப்படி? 1080 பி படத்தைச் சுருக்காமல் விநாடிக்கு 60 தடவை அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 3 கிகாபிட் ஆகும். கன்சோலிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டி.வி.க்குப் போவது அது. கிளவுட்டில் நம் வீட்டுக்கு வருவது 20 மெகாபிட் அளவு, அதாவது 150-ல் ஒரு பங்கு. முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்பி இந்தச் சிக்கனத்தைச் செய்கிறார்கள். வானம், சுவர், தார்ச் சாலை எல்லாம் இதில் தப்பித்துவிடும். மழை, புல்வெளி, இருட்டுக் குகை மூன்றும் மாட்டிக்கொள்ளும். மழையில் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது, சுருக்க எதுவும் மிஞ்சுவதில்லை. 43 அங்குல டி.வி.யில் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிறது. லேப்டாப்பிலும் போனிலும் தெரியவில்லை.

20 மெகாபிட் என்பது மணிக்கு 9 ஜி.பி. டேட்டா. தினம் 1.5 ஜி.பி. தரும் மொபைல் பேக் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாதம் 3,300 ஜி.பி. வரை தரும் ஃபைபர் திட்டத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. அதனால் இன்றைய நிலையில் கிளவுட் கேமிங் ஃபைபர் வந்த வீட்டுக்கான விஷயம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலை டான்ஃபினெட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த இழை ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் வீடுகளுக்குள் நுழைந்தால்தான் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறக்கும்.

எதற்குப் பொருந்தும்?

அக்கா மகன் ஆசைப்பட்டது ‘டெக்கன்’ சண்டை. அதில் மிக வேகமான குத்து 10 ஃபிரேமில் விழுகிறது, அதாவது 167 மில்லி செகண்ட். தேறிய ஆட்டக்காரர்கள் எதிராளியின் அடியைத் தடுத்த கையோடு சரியாக அந்த இடைவெளிக்குள் திருப்பி அடிக்கிறார்கள். நெட், சர்வர், டி.வி. எல்லாம் சேர்ந்து 70, 80 மில்லி செகண்டை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் அந்த இடைவெளியில் பாதி காணாமல் போகிறது. “அடிச்சிட்டேன் மாமா, அது லேட்டா அடிக்குது” என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. சண்டை கேமும், துப்பாக்கி பிடித்து இன்னொரு மனிதரோடு மோதும் கேமும் இதற்கு ஏற்றவை அல்ல. போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆற அமர விளையாடும் கேம்களுக்கு இது பிரமாதம். கதை நகர்கிற கேம், ஊர் கட்டும் கேம், முறை வைத்து ஆடும் கேம், புதிர். ‘வெண்பா’ தெரிந்திருக்கலாம். டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கி 2023 ஜூலை 31-ல் வெளிவந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், பிரியாணி செய்ய வேண்டும்; நடுவில் மகன் தமிழ் பேச மறுத்து விலகிப் போகிறான். 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும், சுயேச்சை கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். பெருவிருதும் அதற்குக் கிடைத்தன. இப்படி ஒரு கேமில் இட்லித் தட்டை அடுக்கும்போது 80 மில்லி செகண்ட் தாமதம் யாருக்குத் தெரியப்போகிறது? இந்த மாதிரி கேம்களை, கன்சோல் வாங்கும் எண்ணமே இல்லாத அம்மாக்களும் பெரியப்பாக்களும் தொட்டுப் பார்க்க வைக்கும் வழி கிளவுட்தான். மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கான கேம்கள் இருக்கும்போது, பிடிக்காத ஒன்றை ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எதற்காகவும் 110 ஜி.பி. இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பணக் கணக்கு இங்கே முக்கியம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் ₹49,990-க்கு விற்பனைக்கு வந்தது. அதற்கான சோனியின் பெரிய கேம் ஒன்று ₹4,999. நம் ஊர்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வாசலிலேயே திரும்பிவிடும். 2000-களில் மதுரைப் பையன்கள் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ ஆடியதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி சிஸ்டம் அசெம்பிள் செய்ததும் இதே விலையைச் சமாளிக்கத்தான். மாதம் ₹1,000 சந்தா என்று வைத்தால் கன்சோல் காசில் நாலு வருடத்துக்கு மேல் விளையாடலாம், அந்த நாலு வருடத்தில் சர்வரை நவீனமாக்குவது அவர்கள் செலவு. என்விடியா தன் உயர்ரகச் சந்தாவில் 2023-ல் ஆர்.டி.எக்ஸ். 4080 ரக கிராபிக்ஸ் கார்டுக்கு மாறியபோது, சந்தாதாரர்கள் வீட்டில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை.

வாங்கியது யாருடையது?

இந்த முயற்சி புதிதல்ல. ஸ்டீவ் பெர்ல்மன் தொடங்கிய ‘ஆன்லைவ்’ 2010 ஜூனில் அமெரிக்காவில் சேவைக்கு வந்தது. சர்வரிலிருந்து 1,000 மைலுக்குள் வீடு இருந்தால் தாமதம் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கே பேச்சு தூரத்தைப் பற்றித்தான். 2012-ல் கம்பெனி நொடித்துக் கைமாறியது. 2015-ல் சோனி அதன் காப்புரிமைகளை வாங்கியதும் ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சேவையை மூடிவிட்டார்கள். ‘கைகாய்’ என்ற இன்னொரு கம்பெனியை சோனி 2012-லேயே 38 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அதிலிருந்து ‘பிளேஸ்டேஷன் நவ்’ பிறந்தது.

கூகுளின் ‘ஸ்டேடியா’ 2019 நவம்பர் 19-ல் 14 நாடுகளில் தொடங்கியது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே பெரிய கேம்களை முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, ஆனால் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ள முடியாது. 2023 ஜனவரி 18-ல் அதையும் மூடினார்கள். கேமுக்கும் கன்ட்ரோலருக்கும் கட்டிய பணத்தை கூகுள் திருப்பிக் கொடுத்தது. கன்ட்ரோலரை வேறு கருவிகளோடு சேர்த்துக்கொள்ள புளூடூத் வசதியையும் திறந்துவிட்டது. அது நேர்மையான செயல். ஆனால் ‘அவுட்காஸ்டர்ஸ்’ என்று ஸ்டேடியாவுக்காகவே உருவான கேம் இருந்தது. அதை யாரும் டிஸ்கில் வைத்திருக்கவில்லை, வைத்திருக்க வழியும் இல்லை. சர்வரோடு அதுவும் போனது. எத்தனையோ பேர் பல வருடம் உழைத்து வரைந்து, இசையமைத்து, எழுதிய ஒரு படைப்பை இனி யாராலும் திறந்து பார்க்க முடியாது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பணம் திரும்பி வந்ததால் அந்த இழப்பு ஈடாகிவிடாது.

சந்தாவுக்குள் இருப்பதும் நிலையில்லை. 2020 பிப்ரவரியில் ஜிஃபோர்ஸ் நவ் பொதுச் சேவையாகத் தொடங்கிய அதே மாதம் ஆக்டிவிஷன் பிளிசார்ட் தன் கேம்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டது. கடையில் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களும் அங்கே ஆட முடியாமல் போனது. பிறகு அந்த ஆக்டிவிஷனை 6,870 கோடி டாலருக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் வந்தபோது, 2023 ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஆணையம் தடுத்தது. சொன்ன காரணம் கிளவுட் கேமிங்: நாளைய சந்தை மொத்தமும் ஒரே கைக்குப் போய்விடும் என்ற கவலை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே ஆக்டிவிஷனின் அப்போதைய கேம்களுக்கும் அடுத்த 15 வருடத்தில் வரும் கேம்களுக்குமான கிளவுட் உரிமையை யுபிசாஃப்ட் என்ற இன்னொரு கேம் கம்பெனியிடம் ஒப்படைத்த பிறகுதான் அந்த அக்டோபரில் விற்பனை முடிந்தது. கேம் உலகின் ஆகப் பெரிய வியாபாரத்தையே நிறுத்தி வைக்கும் அளவுக்கு இந்த விஷயம் கனமானது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளை விற்கும் கடைகள் ‘வாங்கு’ என்று பட்டன் வைத்தால், அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் கருத்து. நம் பிள்ளைகள் சேர்த்து வைக்கும் பணம் அது.

இங்கே கடை விரிப்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டிருக்கிறது. ஜியோ 2022-ல் சோதனை முறையில் தன் கிளவுட் கேமிங்கைத் திறந்தது. என்விடியா 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் சி.இ.எஸ். கண்காட்சியில் இந்தியாவுக்கு வருவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவில் தொடங்கியது. இவர்களில் யாரிடம் சந்தா கட்டுவதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது சர்வர் எந்த நகரத்தில் என்பதைத்தான். கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் சென்னை, பெரிய டேட்டா சென்டர்களும் அங்கே இருக்கின்றன. மதுரை, திருநெல்வேலி, கோவைக்காரர்களுக்கு அங்கே ஒரு கேமிங் சர்வர் இருப்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை மேலே போட்ட கணக்கே காட்டும்.

எங்கள் வீட்டில் கடைசி முடிவு அக்காவுடையது. “பெட்டியா இருந்தா பீரோவுல வச்சுப் பூட்டலாம். இது போன், டி.வி., லேப்டாப்னு எல்லாத்துலயும் வருதேடா” என்பது அவள் கவலை. நியாயமான கவலை. பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கணக்கோடு இணைத்து, தினம் எத்தனை மணி நேரம், எந்த வயதுக்கான கேம் என்று வரம்பு போடும் வசதி எங்கள் சேவையில் இருந்தது. அக்காவே உட்கார்ந்து அதைப் போட்டாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திறக்காது. மாதச் சந்தாவின் ஆட்டோபேயில், பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஜூன் மாதத் தகவல் வந்ததும் ஆட்டோபேயை ரத்து செய்துவிட்டோம். சந்தா இனிக் காலாண்டு விடுமுறைக்குத்தான். ‘வெண்பா’வை மட்டும் தனியாகக் காசு கொடுத்து வாங்கி அந்த லேப்டாப்பிலேயே இறக்கி வைத்திருக்கிறோம்; சின்ன கேம், அந்தப் பழைய மிஷினிலும் ஓடுகிறது.